நூற்றுப் பதினேழாம் எண் குடம்

கதவைத் தட்டக் கையை உயர்த்திய செந்தமிழ்ச்செல்வி அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே யாரோ முனகினார்கள்.

வெளியே பூட்டு தொங்குவதை அப்போதுதான் பார்த்தாள். ஆனாலும் உள்ளே... அடித்தொண்டையில், மூச்சே விடாமல், ஒரே சீராக ஒரு முனகல்.

கச்சிராயபாளையம் கடைத்தெருவில் பட்டப்பகலில் ஓர் ஆள் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கி நான்கு நாளாயிற்று. கள்ளக்குறிச்சிச் சாலை நெடுக வெட்டிச் சாய்த்த புளியமரங்கள். பஸ் இல்லை, கரும்பு லாரி இல்லை. காக்கைகள் மட்டும், மரம் நின்ற இடத்துக்கு மேலே, வெறும் காற்றில் சுற்றிச் சுற்றி வந்தன. தூறலில் அந்த மரங்களை ஏறி இறங்கி நடந்து வந்தவளுக்கு இப்போதுதான் பயம் வந்தது.

"உங்களுக்கும் கேக்குதா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன். கையில் சாவிக்கொத்து. தூக்கம் கெட்ட பெரிய கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது.

"எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்பாடா!"

"கடைக்காரரு நீங்களா?"

"கவியரசன். அடகுக்கடை ராஜாங்கம் மவன். அப்பா போயி ரெண்டு வருசம் ஆவுது. கடை அன்னிக்கு மூடுனதுதான். நீங்க?"

"கடைய வாடகைக்குக் கேக்க வந்தேங்க. செந்தமிழ்ச்செல்வி... இருசம்மா பொண்ணு."

முனகல் சட்டென்று நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு நெஞ்சு படபடத்தது. முதல் பார்வை என்று தட்டச்சு வகுப்புத் தோழிகள் சொல்வார்களே, அதுவா... இல்லை, வெறும் பயமா? எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவளுக்கு இதைச் சரிபார்க்க வழி தெரியவில்லை.

"இன்னா கடை வைக்கப் போறீங்க?"

"அடகுக்கடை."

அவன் சிரித்துவிட்டான். "பொம்பளப் புள்ளயா?"

"அடகு வைக்க மட்டும் பொம்பளைங்க வரலாமா?"

சிரிப்பு நின்றது. அவள் நோட்டைப் பிரித்தாள். "தாசில்தாருக்கு மனு, பணம் கட்டுன சலான், முத்திர போட்ட தராசு, இரும்புப் பெட்டி... எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சு. கடை எந்த எடம்னு காட்டாம லைசென்சு தரமாட்டாங்க. எடத்துக்காரர் கையெழுத்துதான் பாக்கி."

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால், மாமா பார்த்துவைத்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டுவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

"கையெழுத்து போடறேங்க. ஆனா கதவ மட்டும் நான் தெறக்கமாட்டேன்."

"இவ்ளோ ஒசரம் வளந்துட்டு..."

"ஒசரத்துக்கும் பயத்துக்கும் இன்னா சம்மந்தங்க? மீட்காத கொடமெல்லாம் உள்ளதான் கெடக்குது. மரத்தச் சாச்ச அன்னிக்கு ஆரம்பிச்சுது, மொனகல்..."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். தன்னால் முடியுமா என்று யோசிப்பதற்குள் திறந்தும்விட்டாள்.

இருட்டு. தூசி. வரிசை வரிசையாகப் பித்தளைக் குடங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் யாரோ ஒரு பெண்ணின் பெயர், புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அத்தனை பெண்களும் அவளையே பார்ப்பதுபோல்...

முனகல் மறுபடி தொடங்கியது. கடைசித் தட்டில், ஒரே ஒரு குடத்திலிருந்து.

குனிந்தாள். குடத்தின் வாயில் கறுப்பாக ஏதோ நெளிந்தது.

"தேனீங்க! மரம் போனதும் இங்க குடிவந்துட்டுதுங்க."

வாசலில் நின்றவன் பெரிதாகச் சிரித்தான். அவளும் சிரித்தாள்... அந்தக் குடத்தின் கழுத்தில் வெளிச்சம் விழும்வரை.

இருசம்மாள். பக்கத்தில் கட்டிய அட்டையில், 117.

நோட்டுக்குள் ஒரு பழைய அடகுச் சீட்டு இருந்தது. தன் கடைச் சீட்டை அச்சடிக்க மாதிரிக்கென்று எடுத்து வந்த அம்மாவின் சீட்டு. கடைப் பெயர் இருந்த தலைப்பைக் கரையான் தின்றுவிட்டது. எண் மட்டும் மிச்சம். 117.

"எங்கம்மா காச்சல்ல கெடந்து சாவறப்பகூட இந்தக் கொடத்தத்தான் கேட்டுக்கினு இருந்தா. மீட்கப் போனவள, தவணை தாண்டிடுச்சுன்னு தொரத்திட்டாங்களாம். அது உங்கப்பாதானா?"

அவள் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தாள்.

"இந்த வாசலே எனக்கு வேணாங்க."

வெறிச்சோடிய சாலையில் வேகமாக நடந்தாள். கண்ணில் மழையா, கண்ணீரா... துடைக்கவும் தோன்றவில்லை.

முனகல் பின்னால் வந்தது.

நின்றாள். பிரமை. நடந்தாள். மறுபடியும்... இன்னும் நெருக்கத்தில். ஓடினாள். சாய்ந்து கிடந்த மரத்தில் ஏறி, வழுக்கி, கிளையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

குடத்தை இரு கைகளாலும் ஏந்தி, அதன் வாயைத் துண்டால் கட்டி, ஒரு கண் வீங்கி மூடிப்போய்... கவியரசன்.

"நில்லுங்க! ரெண்டு கொட்டு வாங்கிட்டேன், மூணாவதுக்குள்ள வந்து வாங்கிக்கிங்க!"

அவள் சிரிக்காமல் உதட்டைக் கடித்தாள்.

"அப்பா தொரத்துனது நெசந்தாங்க. பொய் சொல்லமாட்டேன். அந்த வருசத்துக் கொடமெல்லாம் ஏலத்துக்குப் போச்சு. இத மட்டும் அனுப்பல. ஏன்னு சொல்லாமலே போயிட்டாரு. சீட்டு இருந்தா பொருளக் குடுக்கணும், அவ்ளோதான்."

சீட்டை நீட்டினாள். குடத்தை வாங்கி இடுப்பில் வைத்தாள். முனகல் அடங்கியது. அந்த அமைதியில், ஏனோ, சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து கெடைக்கலன்னா... மாமா ஒரு மாப்பிள்ள பாத்து வெச்சிருக்காரு."

"பேனா இருக்கா?"

வாடகைப் பத்திரத்தை ஈர அடிமரத்தில் வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கையெழுத்திட்டான். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"நாலு நாளா அந்தக் கதவுகிட்ட தனியா நின்னேன். நீங்க வந்ததும் பயம் பாதியாச்சு. நீங்க போயி, உங்க செருப்புச் சத்தம் தேஞ்சுதே... அதுதாங்க மொனகல விட ஜாஸ்தி பயம். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு."

அவள் பதில் சொல்லாமல் கடையைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போறீங்க?"

"இந்தத் தேனீங்களுக்கு இனிமே மரம் ஏது? கொடம் கடையிலயே இருக்கட்டும். ஆனா கதவ நீங்கதான் தெறக்கணும்."

"நானா?"

"பயந்தாங்கொள்ளியப் புடிச்சிருக்குன்னு மாமாகிட்ட எப்படிங்க சொல்றது?"

அவன் ஒரு நிமிடம் விழித்தான். பிறகு ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்து, அவளுக்கு முன்னால் இருட்டுக்குள் காலெடுத்து வைத்தான்.

வாசற்படியில் குடம் மறுபடி முனகியது.

"வந்துட்டேம்மா," என்றாள் அவள், மெல்ல.

நின்றுவிட்டது.

"தேனீதானே அது?" இருட்டிலிருந்து அவன் குரல் நடுங்கியது.

"தேனீதான்..."

சொன்ன பிறகு அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கையை நீட்டினாள். அவன் கை அங்கேயே காத்திருந்தது.