சக்கரத்தடியில் தேசிக்காய்

டெலிபோன் அலறியது.

கோதை தோளில் இருந்த கேமராவை இறக்காமலே ரிசீவரை எடுத்தாள்.

"இன்றைக்கு அந்தக் கார் ரோட்டுக்கு வந்தால்... அதை ஓட்டுகிறவன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான்."

இங்கிலீஷ். கரகரத்த ஆண் குரல். யாரென்று கேட்பதற்குள் லைன் செத்துப் போனது.

இன்றைக்குக் காரை ஓட்டப் போகிறவன் கோதையின் புருஷன் சிவானந்தன்!

1989. லண்டன் வால்தம்ஸ்டோவில், ரயில் பாதைக்குக் கீழே, செங்கல் வளைவுக்குள் ஒரு வொர்க்‌ஷாப். அதற்குள் நின்றது யாக்கோப்பு கட்டிய பாட்டரி கார். பெட்ரோல் வேண்டாம். புகை கிடையாது. ஒரு ராத்திரி சார்ஜ் போட்டால் லண்டனையே சுற்றி வரலாம் என்பார் யாக்கோப்பு. பெரிய கார்க் கம்பெனிகள் இனி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நிருபர்களிடம் மார்தட்டுவார்.

அந்த மனிதரைப் பற்றித்தான் கோதை எட்டு மாதமாகப் படம் எடுக்கிறாள். இன்றைக்குக் கடைசிக் காட்சி. கார் இறக்கமான ரோட்டால் இறங்கிப் போய், டவுன் ஹால் வாசலில், நிருபர்கள் மத்தியில் நிற்க வேண்டும்.

எப்போதும் யாக்கோப்புதான் ஓட்டுவார். இன்றைக்கு மட்டும் முதுகு பிடித்துவிட்டதாம். மினிகேப் டாக்சி ஓட்டும் சிவானந்தனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

சற்று நேரத்தில் யாக்கோப்பு உள்ளே வந்தார். கோதை போன் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் பயமே இல்லை. ஒரு மாதிரியான சந்தோஷம்தான் தெரிந்தது.

"பாத்தியே தங்கச்சி? கம்பெனிக்காரர் பயந்திட்டாங்கள். கேமராவைப் போடு. திரும்பச் சொல்லு."

கேமராவாவது, மண்ணாங்கட்டியாவது! அவள் புருஷனிடம் போனாள்.

"இஞ்சேருங்கோ... இண்டைக்கு வேண்டாம். எனக்கு நெஞ்சு பதறுது."

சிவானந்தன் சிரித்தான். யாக்கோப்புக்கு இந்த மாதிரி மிரட்டல் அடிக்கடி வருகிறதாமே, கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்றான். வெளியே ட்ராஃபிக்கை ஒதுக்கக் கான்ஸ்டபிள் வேறு நிற்கிறான், என்ன பயம் என்றான். ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். பிடிவாதக்காரன்! கட்டிய நாளிலிருந்து அவள் படுகிற பாடுதான்.

தலைக்கு மேலே ரயில் ஒன்று கடகடத்துப் போனது. சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் நடுங்கின.

சரி, போவதுதான் போகிறார்... கோதை கைப்பையைத் திறந்து நாலு தேசிக்காய்களை, எலுமிச்சங்காய்களை, எடுத்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக முன்னால் வைத்தாள். புதுக் காரை மெல்ல உருட்டிக் காயை நசுக்கி, நிறுத்தி, ஒரு கும்பிடு போட்ட பிறகுதானே நம் ஆட்கள் ரோட்டையே பார்ப்பார்கள்!

"எடு அதை!"

யாக்கோப்பு வெடித்தார்.

அவர் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் இந்த மாதிரி விஷயங்களில் இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. இன்றைக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"நேரா ரோட்டுக்கு விடச் சொல்லு தங்கச்சி. உள்ளுக்கை நிப்பாட்டத் தேவையில்லை."

"ஒரு நிமிசம் அண்ணை," என்றபடியே கோதை கேமராவை ஓட விட்டாள்.

சிவானந்தன் இரண்டு பேரையும் பார்த்தான். பெண்சாதி பக்கம் சாய்ந்தான். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. காய்கள் நசுங்கின. பிரேக்கில் கால் வைத்தான்...

கால் தரை வரைக்கும் போனது!

கார் நிற்கவில்லை. நடை வேகத்தில் உருண்டு, வாசலோரம் அடுக்கியிருந்த டயர்களில் முட்டி நின்றது. சிவானந்தன் வெளிறிப்போய் இறங்கினான். கோதை ஓடிப்போய் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. இறக்கத்தில் இது நடந்திருந்தால்...

"பிரேக் பைப்பை அறுத்துப்போட்டாங்கள்!" யாக்கோப்பு கேமராவைப் பார்த்துக் கத்தினார். "பெரிய கம்பெனிக்காரற்றை வேலை!"

காருக்கு அடியில் இன்னும் யாருமே குனிந்து பார்க்கவில்லை.

கோதைக்குப் பயம் போய்க் கோபம் ஏறியது. எட்டு மாதமாக எடுத்த படம் மனதுக்குள் ஓடியது. கார் மூலை திரும்பியதும் கேமராவை நிறுத்தச் சொல்லுவார் யாக்கோப்பு. உளவாளிகள் இருக்கிறார்களாம். திரும்பும்போது கார் லாரியில் ஏறி, படங்குத் தார்ப்பாய் போர்த்துக்கொண்டு வரும். அதுவும் ரகசியத்துக்காம்!

"அண்ணை... கார் தானா ஓடித் திரும்பி வாற காட்சி ஒண்டுகூட என்னட்டை இல்லை. ஏன்?"

யாக்கோப்பு நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"எவ்வளவு தூரம் ஓடும்?"

யாக்கோப்பின் தோள்கள் தொங்கின.

"அரை மைல். அதுக்கு மேலை பாட்டரி இழுக்காது. எல்லாம் செய்து பாத்திட்டன், ஏலாமல் போச்சு. இண்டைக்கு நிருபர்மாருக்கு முன்னாலை அது நடுரோட்டிலை நிண்டா, ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும். ஆனா... ஓட்டினவன் செத்தா?"

கோதை புருஷனின் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நல்ல காரைக் கம்பெனிக்காரர் கெடுத்துப்போட்டாங்கள் எண்டு உலகம் சொல்லும். உன்ரை படமும் எங்கையோ போயிருக்கும். ஓடாத காருக்கு ஒரு சாவு வேணும் தங்கச்சி."

பிரேக் பைப்பை அறுத்ததும், தெரு மூலையில் இருந்த போன் பூத்திலிருந்து பேசியதும் தான்தான் என்றார். பாவி! சொல்லும்போது வெட்கம்கூட இல்லை.

அப்போதுதான் கேமராவின் சிவப்பு விளக்கு அவர் கண்ணில் பட்டது. அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே என்ன தாமதம் என்று பார்க்கக் கான்ஸ்டபிளும் வாசலில் தலையை நீட்டினான்.

முதுகுப் பிடிப்பு மாயமாய் மறைந்தது! யாக்கோப்பு ஒரே தாவலில் காருக்குள் பாய்ந்தார். டயர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கார் வெளியே பறந்தது. இறக்கத்துக்குப் போக அவருக்கென்ன பைத்தியமா? மேட்டுப் பக்கமாகத் திருப்பினார்.

கான்ஸ்டபிள் வயர்லெஸ்ஸில் கத்த ஆரம்பித்தான். சிவானந்தன் மினிகேப் சாவியை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான்.

கோதை அவன் சட்டையை விடவில்லை.

"ஏன் ஓடுறியள்? பிரேக் இல்லாட்டிலும் அரை மைலிலை அது தானா நிண்டிடும்... வாங்கோ, நடந்தே போவம்."