வலது பக்கப் பெட்டி

திங்கட்கிழமை காலை, பென்னலூரில் சக்திகுமாரின் பட்டறைக்கு வந்த கோதண்டம் அங்கே வேலைக்கு விட்டிருந்த தன் பழைய எஸ்.யு.வி.யின் டிக்கியைத் திறந்தார். வலது பக்க அலுமினிய பேனலில் பதித்திருந்த பெட்டியைச் சாவி போட்டுத் திறந்தார். அடுத்த கணம் "ஐயோ, போச்சே!" என்று அவர் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடையே எழுந்து ஓடி வந்தது. பெட்டி காலியாக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சந்திரலேகா வந்து இறங்கியபோது, பட்டறை வேலையாள் இசக்கிதுரையின் இடது கன்னம் வீங்கியிருந்தது. அடித்தது முதலாளி சக்திகுமார். போலீஸ் வருவதற்குள் விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றையும் முடித்துவிட்டிருந்தான். ஒரகடம் ரோட்டில் ஷெட்டுக்கு ஒரு நீதிபதி உண்டு என்பது சந்திரலேகாவுக்குத் தெரிந்ததுதான்.

"என்ன காணாமப் போச்சு?"

"நகை மேடம். என் சம்சாரம் நகை மொத்தமும். சனிக்கிழமை சாயங்காலம் நான்தான் கொண்டாந்து இந்தப் பெட்டில வெச்சிப் பூட்னேன்."

"பட்டறையில நிக்கிற வண்டியிலயா?"

"வூட்ல பெயிண்ட் வேலை நடக்குது மேடம். கண்ட ஆளுங்க வந்து போறாங்க. இது ஸ்பெஷலா செய்யச் சொன்ன பெட்டி. பூட்டு நானே வாங்கிக் குடுத்தது, ரெண்டு சாவியும் எங்கிட்டதான் கீது."

பெயிண்டர்களுக்குப் பயந்து, கூரைத் தகட்டைக் கையால் தூக்கினாலே உள்ளே இறங்கிவிடக்கூடிய ஷெட்டில் நகையை வைத்த மனிதரைச் சந்திரலேகா ஏற இறங்கப் பார்த்தாள். முட்டாள்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு திட்டம் போட்டு முட்டாளாக இருப்பவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

கோதண்டம் நில புரோக்கர். பதினைந்து வருஷத்துப் பழைய வண்டியை வாங்கி, கூரையில் ஏணி, பின்னால் டீசல் கேன், முன்னால் நாலு மஞ்சள் விளக்கு என்று ஜோடித்து வைத்திருந்தார். டிக்கியின் இரு பக்கமும் இருந்த பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டு, சாமான் மாட்டத் துளைகளும் பூட்டுகிற பெட்டியும் வைத்த அலுமினிய பேனல்கள் செய்யச் சொல்லியிருந்தார். காடு மேடு ஏறத்தானாம். இதுவரை அந்த வண்டி ஏறிய பெரிய மேடு ஒரகடம் மேம்பாலம்.

"பூட்டு உடையலையே?"

"மாட்டுனவனுக்குக் கழட்டத் தெரியாதா மேடம்? பின்னாடி வழியா எடுத்துட்டு மறுபடி மாட்டியிருப்பான். பாருங்க, அந்தப் பக்கம் ஒட்டியிருக்கிற நீல பிளாஸ்டிக் இந்தப் பக்கம் இல்ல. கழட்டும்போது உரிஞ்சிருக்குது!"

சந்திரலேகா குனிந்து பார்த்தாள். இடது பேனலின் மேல், புதுத் தகட்டில் கீறல் விழாமலிருக்க ஒட்டி வருகிற நீல பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. வலது பேனல் வெறுமையாக, கொஞ்சம் மங்கலாக இருந்தது. இடது பக்கத்தில் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி உரித்தாள். பிளாஸ்டிக் வந்தது, ஆனால் பேனலை இறுக்கிப் பிடித்த ஒவ்வொரு ரிவெட்டு ஆணியின் தலைக்கு அடியிலும் நீல வளையம் சிக்கி நின்றுவிட்டது. பிறகு வலது பக்க ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதற்கு அடியிலும் நீலம் இல்லை.

டீக்கடைக்காரி செல்லம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யம்மா, நான் பாத்தேன். நேத்து ஞாயித்துக்கெழம, லீவு. இந்தப் பையன் மட்டும் உள்ள தட்டிக்கினே இருந்தான். அப்பால சாக்குல சுத்தி இன்னாவோ பின்னாடி எடுத்தும்போனான்."

"எவ்ளோ பெருசு?"

"கதவுப் பலகை மாரி இருந்துச்சுமா. நீளமா, தட்டையா."

"கேட்டீங்களா மேடம்!" என்று சக்திகுமார் துள்ளினான். "இவனுக்கு ஃபேக்டரில பர்மனென்ட் வேலை கெடைக்கப் போவுது, போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்னு வேற சொல்லிக்கினு திரிஞ்சான். திருட்டுப் பய!"

இசக்கிதுரை தலையைத் தூக்கவில்லை. இன்று எஃப்.ஐ.ஆர். விழுந்தால் சாயங்காலம் ரிமாண்டு. அதோடு அந்த வேலையும் போச்சு, தென்காசிப் பக்கத்து ஊரில் தலை காட்டவும் முடியாது. அது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

நகைப் பையைத் திருடுகிறவன் அதைக் கதவுப் பலகை அளவுக்கு நீட்டித் தட்டையாக்கி எடுத்துப் போக வேண்டிய அவசியம் என்ன என்று அங்கே ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை. சந்திரலேகாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அதற்குள் கோதண்டத்தின் மனைவி பாஞ்சாலி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அக்கா மகள் கல்யாணத்துக்கு நகை வேண்டும் என்று அவள் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

சந்திரலேகா கோதண்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"சனிக்கிழமை நீங்க வந்தப்போ வலது பக்க பேனல் மாட்டியிருந்துச்சா?"

"பளபளன்னு இருந்துச்சு மேடம். கையால தடவிகூடப் பாத்தேன்."

"நீல பிளாஸ்டிக் மேலயா?"

"ஆமா மேடம், மேலதான்."

"நாள் மாறியிருக்காதே? ஞாயித்துக்கிழமையா இருக்குமோ?"

"ஞாயித்துக்கெழம முழுக்க மறைமலை நகர்ல நலங்கு மேடம்," என்றாள் பாஞ்சாலி. "என் பக்கத்துலயேதான் இருந்தாரு."

"சனிக்கிழமைதான் மேடம், சத்தியமா," என்றார் கோதண்டம்.

சந்திரலேகா இசக்கிதுரையின் எதிரில் போய் நின்றாள்.

"ஏம்ப்பா, அந்த இன்னொரு இடது பேனல் எங்க?"

அவன் விலுக்கென்று நிமிர்ந்தான். பிறகு மடை திறந்தது.

"பின்னாடி ஓட்டை ஷீட்டுக்கு அடியில வச்சிருக்கேன் மேடம். அட்டைய வச்சி அளவு வரைவோம்லா, ஒரு பக்கம் வரைஞ்சதும் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் வரையணும். நான் திருப்பாமலே ரெண்டு வாட்டி வரைஞ்சி அடிச்சிட்டேன். ரெண்டும் எடது பக்கமா வந்துட்டு. சனிக்கெழம மத்தியானம் மாட்டிப் பாக்கும்போதுதான் தெரிஞ்சிச்சு. பெட்டி மூடி வண்டி பாடியப் பாத்து நிக்கு. மொதலாளி பாத்தா தகட்டு வெலைய சம்பளத்துல புடிப்பாவன்னு எடுத்துட்டேன். நேத்து மிச்சம் கெடந்த பழைய தகட்டுல புதுசா அடிச்சி, சார் குடுத்த பூட்ட மட்டும் கழட்டி இதுல போட்டு மாட்டுனேன்."

"சனிக்கிழமை சாயங்காலம் வலது பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். வெறும் பாடிதான்."

"இதை ஏன்டா முதல்லயே சொல்லல?"

"எந்தப் பெட்டி, என்னைக்கின்னு யாரும் எங்கிட்ட கேக்கல மேடம். 'எங்கடா நகை'ன்னுதான் அடிச்சாவ."

சந்திரலேகாவோடு வந்த கான்ஸ்டபிள் பின்னால் போய்ச் சாக்கைத் தூக்கி வந்தார். உள்ளே நீல பிளாஸ்டிக் உரியாத, அச்சு அசலான இன்னொரு இடது பேனல். வலது பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெட்டியின் மூடி வண்டியின் பாடியைப் பார்த்து நின்றது.

"அவன் புளுகுறான்!" என்றார் கோதண்டம். குரல் கீச்சிட்டது.

"அவன் புளுகலாம், ரிவெட்டு புளுகாது," என்றாள் சந்திரலேகா. "பிளாஸ்டிக்கோட மாட்டி அப்புறம் உரிச்சா, ரிவெட்டுக்கு அடியில நீலம் நிக்கும். அந்தப் பக்கம் நிக்குது. இந்தப் பக்கம் ஒரு பொட்டு இல்ல. கழட்டி உரிச்சு மாட்டினான்னு சொல்லவும் முடியாது. இது மங்கின பழைய தகடு, நீங்க தடவிப் பார்த்த புதுப் பிளாஸ்டிக் இது மேல ஒட்டியிருக்கவே இல்ல. சக்திகுமார், சனிக்கிழமை இவருக்கு போன் பண்ணினியா? என்ன சொன்ன?"

சக்திகுமார் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பக்கமும் முடிஞ்சுது சார்னு..."

"பார்த்துட்டுச் சொன்னியா?"

"இல்ல மேடம். நான் மத்தியானமே ஒரு விசேஷத்துக்குப் போயிட்டேன். கஸ்டமர்கிட்ட அப்டித்தான மேடம் சொல்லுவோம்."

"உன்னோட தினப்படி பொய்யை இந்த மனுஷன் நம்பிட்டாரு. டிக்கியைத் திறந்து பார்க்கக்கூட சோம்பேறித்தனம். முடிஞ்சுதுன்னு நீ சொன்ன, அது மேல தன் பொய்யைக் கட்டிட்டாரு. ஏன் கோதண்டம், இல்லாத பெட்டியில நகையை எப்படி வெச்சுப் பூட்டினீங்க? திருடினது நீங்கதான். நகை எங்க?"

கோதண்டம் வண்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"வித்துட்டேன்," என்றார். "வண்டிக்கு... கொஞ்சம் செலவு இருந்துச்சு."

ஏணி, மஞ்சள் விளக்கு, அலுமினியம். பெண்டாட்டியின் கழுத்தையும் காதையும் கழற்றி மேம்பாலம் ஏறுகிற வண்டிக்கு மாட்டிய வீரர். அது வெளியே வராமலிருக்க, ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பவும் தயங்கவில்லை. சந்திரலேகாவுக்கு அந்த மனிதரைத் தொட்டு ஜீப்பில் ஏற்றக்கூட அருவருப்பாக இருந்தது.

அவள் இசக்கிதுரையை முகம் கழுவிவிட்டு வரச் சொன்னாள். கன்னத்துக்கு வைத்தியம் பார்க்கிற செலவையும் அடித்ததற்கான வழக்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று சக்திகுமாருக்குத் தெரிவித்தாள். அவன் "மேடம், மேடம்" என்று பின்னாலேயே வந்தான். யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

பாஞ்சாலி அழுகையை நிறுத்தியிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், நகை திருடு போனது நெசம்தான?"

"நிஜம்தாம்மா."

"அப்போ புகாரை நான் குடுக்கறேன். எழுதிக்கோங்க."

"பாஞ்சாலி!" என்று பதறினார் கோதண்டம். "வூட்ல போயி பேசிக்கலாம்."

சந்திரலேகா அன்றைக்கு முதல் தடவையாக ஒருவரை மரியாதையோடு பார்த்தாள். ஜீப்பின் பானட் மேல் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தாள். நகை விவரம் எழுதி முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"எடுத்தது யாரும்மா? நீங்க உங்க வாயால சொல்லணும்."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷனை 'அவரு', 'எங்கூட்டுக்காரரு' என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய் அது. பாஞ்சாலி கூட்டத்தைப் பார்த்தாள், டீக்கடைக்காரியைப் பார்த்தாள், கடைசியில் அவரை நேராகப் பார்த்தாள்.

"கோதண்டம்," என்றாள்.