சுருளிவேல் வந்த வியாழக்கிழமைகள்

"அந்தச் சுருட்டைக் கொஞ்சம் அணைக்கிறீங்களா?"

பொன்னழகு அதட்டலாகத்தான் கேட்டாள். 1965, ஐப்பசி மாதம். பஸ் திண்டுக்கல் நாகல் நகரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டார்கள். உள்ளே அடைபட்ட புகையில் அவளுக்குக் கண் எரிந்தது.

முன் இருக்கைக்காரன் திரும்பினான். இருபத்தேழு வயது இருக்கும். நனைந்து கலைந்த முடி... இமையில் இன்னும் உதிராத ஒரு மழைத்துளி... புகைக்கு நடுவே கண்கள் மட்டும் சிரித்தன.

"இது என் பொழப்புங்க."

"பஸ்ஸுல உக்காந்து ஊதுறதா?"

அவன் படுதாவை விலக்கி, சுருட்டை மழையில் நீட்டி அணைத்தான். பிறகு இன்னொரு முறை திரும்பிப் பார்த்தான். இறங்கும்வரை அவள் நிமிரவே இல்லை... அந்தப் பார்வை அங்கேயே இருக்குமோ என்ற பயம்.

அடுத்த வியாழக்கிழமை அவன் அவள் முன்னாலேயே வந்து நின்றான். மதுரையில் லேப் படிப்பு முடித்த பொன்னழகு, டாக்டர் ஆரோக்கியதாஸின் சிறிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். வந்தவனின் வலது கைப் பெருவிரலில் கட்டு. பெயர் சுருளிவேல். ஒரு சுருட்டுக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை.

அன்றைய திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் புகையிலை வாசம்தான் முதலில் வந்து விசாரிக்கும். நெய்க்காரப்பட்டிப் பக்கமிருந்து வண்டி வண்டியாக இலை வரும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஓர் இலையை உருவி, சுருட்டி, பற்றவைத்து இழுத்து, அதன் தரத்தை அவன் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இருபது சுருட்டு. அன்று பஸ்ஸில் அவன் சொன்னது நிஜம்தான்... அது அவன் பிழைப்பு.

இலை வெட்டும் கத்தி பட்ட காயம் ஒரு மாதமாக ஆறவில்லை. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். டாக்டர் அவன் நெஞ்சில் வெகுநேரம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார். துடிப்பு வேகமாக இருந்தது. நடுநடுவே ஒன்று தப்பியது.

பொன்னழகு அவன் ரத்தத்தைத் தெளியவைத்து, சாயத்தைச் சொட்டு விட்டாள். வைட்டமின் சி இருந்தால் சாயத்தின் நிறம் போய்விடும். அவனுக்கு முதல் சொட்டே நிறம் மாறாமல் நின்றது. புகை ரத்தத்திலுள்ள சத்தைத் தின்றுவிடுகிறது, ரத்தக்குழாய்களையும் சுருக்குகிறது, அதற்கெல்லாம் சேர்த்து இதயம்தான் உழைக்கிறது என்று டாக்டர் சொன்னார். நெல்லிக்காயும் கொய்யாவும் தின்னச் சொன்னார். சுருட்டை விடாமல் எதைத் தின்றாலும் பாதிப் பயன்தான் என்றார். வியாழன்தோறும் வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

அவனும் வந்தான்.

"கொசு கடிச்ச மாதிரி இருக்கும்னீங்க. இம்புட்டுப் பெரிய கொசு எந்த ஊருலங்க இருக்கு?"

சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் மட்டும் கனகாம்பரம் வைக்க ஆரம்பித்தாள். அம்மா அய்யம்மாள் பார்த்தாள்... ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம், சுருட்டையே விட்டுவிட்டதாகச் சொன்னான். அவள் மனம் எங்கோ பறந்தது. ஆனால் கைக்குக் கட்டு மாற்றக் குனிந்தபோது அவன் மூச்சிலேயே புகை வந்தது.

"ஏன் பொய் சொல்றீங்க?"

அவன் முகம் சுண்டிப்போனது. "பொழப்பை விட்டுட்டு நான் எங்க போறது? எனக்கு என்ன ஆனா உங்களுக்கென்னங்க?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அவள் கட்டின் முடிச்சை இறுக்கினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

அதன் பிறகு அவன் வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. அவன் கம்பெனி இருந்த தெரு வழியாக அவள் இரண்டு தடவை சுற்றிக்கொண்டு நடந்தாள். உள்ளே போய் விசாரிக்கக் கௌரவம் விடவில்லை. இப்போது நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது... அன்று ஒவ்வோர் அடியும் கனத்தது.

தை மாதக் கடைசியில் ஒருநாள் தலை நிமிர்ந்தபோது எதிரே சுருளிவேல். முகம் தெளிந்து, சற்றே சதை போட்டிருந்தான். பெருவிரலில் கட்டு இல்லை. கையை நீட்டினான். அவள் ரத்தம் எடுத்தாள். சாயத்தின் முதல் சொட்டு மறைந்தது. இரண்டாவதும். ஐந்தாவதும்... அவளுக்குக் கண் கலங்கியது.

ருசி பார்க்கும் வேலையை விட்டுப் பூ மண்டியில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். மல்லிகைக்கு இத்தனை வாசம் உண்டென்று இந்த வயதில்தான் தெரிந்ததாம்.

"கோவத்துலதாங்க விட்டேன். நம்மளைப் பொய்யன்னு சொல்ல இவ யாருன்னு... பத்து நாள் கை நடுங்குச்சு. சுருட்டைத் தொடாம யாருக்காகப் பல்லைக் கடிச்சுட்டு இருக்கோம்னு அப்பறம் யோசிச்சேன். உங்க முகந்தான் வந்துச்சு."

பொன்னழகு கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் வைத்தாள்.

"எங்க அப்பாவும் சுருட்டுக்காரருதான். நாப்பத்தாறு வயசு. சோத்துல கை வச்சவரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. எனக்கென்னன்னு அன்னைக்குக் கேட்டீங்கல்ல... இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால ஏலாதுங்க."

அவன் கண்களில் இருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. குரல் தணிந்தது.

"அப்படின்னா... நான் உங்களுக்கு யாருங்க?"

"எங்க அம்மாகிட்ட வந்து கேளுங்க. அவுங்ககிட்டச் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"கார்த்திகையில. நீங்க வராம இருந்தப்ப, ஏன் அழுவுறேன்னு கேட்டாங்க... மறைக்க முடியல."