தென்னேரிக் கரையில் ஒரு சொம்பு பானகம்

காலை மணி ஒன்பதே கால். பந்தயம் முடிய இன்னும் நூறு கெஜம்தான் பாக்கி. கலியனுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லை. அப்போதுதான் அவன் கால் பின்னியது. கள் குடித்தவன்போல ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு எட்டு வைத்துக் குப்புற விழுந்தான்.

ஓடிப்போய்த் தூக்கினவள் அவனுடைய அக்கா கிருஷ்ணவேணி. தம்பியின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கை வெடவெடவென்று ஆடியது.

"யாருமா நீ?" என்று அவளையே கேட்டான்.

அதற்குள் வெகு பின்னால் இரண்டாவதாக வந்துகொண்டிருந்த தணிகாசலம் அவனைத் தாண்டி ஓடிப்போய் ஜெயித்தான்.

அது தென்னேரி ஏரிக்கரையிலிருந்து காஞ்சிபுரம் டவுன் மைதானம்வரை ஓடுகிற பந்தயம். முதலில் வருகிறவன் சென்னையில் நடக்கும் தேர்வுக்குப் போவான். அங்கே தேறினால் ரயில்வேயில் வேலை. தாமல் கிராமத்தில் ஏர் ஓட்டும் கலியன் குடும்பத்துக்கு அது சாதாரண விஷயமா?

அதுவும் போகட்டும் என்றால், அடுத்த இடி விழுந்தது. முகம் துடைக்கத் துண்டு தேடி, விளையாட்டுச் சங்கத் தலைவர் ராமலிங்கம் கலியனின் பையைத் திறந்தார். துண்டோடு ஒரு கண்ணாடி ஊசியும் உடைத்த மருந்துக் குப்பி ஒன்றும் வந்தன. லேபிளில் 'டெஸ்டோஸ்டிரோன்' என்று இருந்தது. ஆண்பிள்ளை உடம்பில் ஊறும் ஹார்மோன். அதை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஓடினால் ஆயுசுக்கும் தடை.

"சாயங்காலம் நாலு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா சொல்லுமா" என்றார் ராமலிங்கம்.

"சொல்றேன். மொதல்ல அதைக் குடுங்க."

கிருஷ்ணவேணி அவர்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் ரத்தம் பரிசோதிக்கிறாள். குப்பியைக் கவிழ்த்து விரலில் ஒரு சொட்டு தட்டினாள். பிசுக்கென்று எண்ணெய் ஒட்டியது. ஊசிக் குழலில் கூஜாத் தண்ணீரை ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். தண்ணீர் சுத்தமாக வழிந்து இறங்கியது. இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள்.

சங்கச் செயலாளர் சபாபதி, ராமலிங்கத்தையும் அவளையும் ஓரமாகக் கூப்பிட்டார். தணிகாசலத்துக்குத் தாய்மாமன், அவனுக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவரே.

"சொல்ல மனசு வரல தலைவரே. விடிகாலையில சின்ன காஞ்சிபுரம் பக்கமா வந்துக்கினு இருந்தேன். கோச் யதிராஜன் வீட்டுக் கதவு தொறந்து இருந்துது. அவரும் இந்தப் பையனும் பொங்கல் துன்னுக்கினு இருந்தாங்க. துன்னு முடிச்சதும் யதிராஜன் பையனைத் திருப்பி ஊசி போட்டாரு. கண்ணால பாத்தேன்."

பந்தய நாளென்றால் கலியனுக்கு அவனைப் பழக்கும் யதிராஜன் வீட்டில் பொங்கல் என்பது ஊரறிந்த வழக்கம். ராமலிங்கம் பெருமூச்சு விட்டார். "கோச்சுமா?"

கிருஷ்ணவேணி அந்தப் பக்கம் திரும்பி தணிகாசலத்தைப் பார்த்தாள். கையில் கோப்பை, முகமெல்லாம் புதுசாய்ப் பருக்கள். யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். "பரவால்ல, நிக்கிறேன்" என்றான். பத்து மைல் ஓடிவந்தவன்!

காலை பதினொன்று. நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏறி முடிந்ததும் கலியனுக்குப் பேச்சு தெளிந்தது.

"ஊசி போட்டாங்களாடா?"

"எறும்பு கடிச்சாலே கத்துவேன். எனக்கா ஊசி?"

"காலையில இன்னா துன்ன?"

"ஒண்ணும் இல்ல. வாத்தியார் வீட்டுக்குப் போயி கும்பிட்டுட்டு வந்துட்டேன். பொங்கல் குடுக்கல. கேக்க வெக்கமா இருந்துது."

"வாயை எங்கடா அடகு வெச்ச? அப்புறம்?"

"தென்னேரியில சபாபதி அண்ணன் ஒரு சொம்பு பானகம் குடுத்தாரு. வெல்லம் சும்மா கெட்டியா. ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். நல்ல மனுசன், எங்க பையெல்லாம் தன் ஜீப்புலயே ஏத்திக்கினாரு."

"தணிகாசலமும் குடிச்சானா?"

"அவன் கை நீட்டுனான். உனக்கு வேணாம்னு அண்ணன் தட்டி விட்டாரு."

அவள் உள்ளே போய், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அவனிடம் எடுத்து வைத்திருந்த ரத்தத்தைப் பரிசோதித்தாள்.

பகல் ஒன்று. சின்ன காஞ்சிபுரம். யதிராஜனைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள்.

"மத்த நாளெல்லாம் பொங்கல் போட்டீங்க. இன்னிக்கு மட்டும் ஏன் சார் பட்டினி? பெரிய எடத்துப் பையன் ஜெயிக்கட்டும்னா?"

அவர் உதடு வறண்டு கிடந்தது. "குழந்தை வெறும் வயித்தோடயா ஓடினான்? நேத்தே சொல்லியிருக்கணும். என் தப்பும்மா." அவள் பக்கம் ஒரு டம்ளர் மோர் வந்தது.

"நீங்க?"

"நாளைக்குக் கார்த்தாலதான்."

அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க சார். நாலு மணிக்கு வந்துடுங்க."

மாலை நான்கு. சங்க அறையில் ராமலிங்கம், சபாபதி, யதிராஜன், சுவரோரமாக நின்றபடி தணிகாசலம்.

"சபாபதி அண்ணே, காலையில பாத்ததை இன்னொரு வாட்டி சொல்லுங்க. கோச்சும் பொங்கல் சாப்பிட்டாரா?"

"ஆமா."

"நல்லா பாத்தீங்களா?"

"ஒரே பாத்திரம்மா! நெய் வழியுது. ரெண்டு பேரும் வழிச்சு நக்கினாங்க. போதுமா?"

யதிராஜன் விருட்டென்று எழுந்தார். "நானா? ஏகாதசியன்னிக்கா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்காத்துல இன்னிக்கு அரிசிப் பானை அடுப்புல ஏறாது. பச்சைத் தண்ணி தவிர எதுவும் என் தொண்டையில இறங்கலை. தெருவையே கூப்பிட்டுக் கேளுங்கோ!"

"கேக்க வேணாம் சார்" என்றாள் கிருஷ்ணவேணி. "பந்தயம்னா பொங்கல்னு ஊருக்கே தெரியும். அந்த நெனப்புல கதை கட்டிட்டாரு. நாள் பாக்கல. பொங்கலே பொய்னா, அதுக்கப்புறம் பாத்த ஊசி மட்டும் எப்படி நெஜம்?"

"பொங்கலோ இட்லியோ, தூரத்துல இருந்து பாத்தேன்..."

"நெய் மட்டும் தெரிஞ்சுதா? இதையும் கேளுங்க. இந்த மருந்து எண்ணெயில கரைச்சது. ஏத்தின ஊசியில தண்ணி விட்டா எண்ணெய் திட்டுத்திட்டா மெதக்கும். பையில இருந்த ஊசியில ஒண்ணுமில்ல. கடையில வாங்கினபடியே இருக்குது. அதுவுமில்லாம, இது வாரக்கணக்குல போட்டு உடம்பை ஏத்துற சரக்கு. ஓட்டத்தன்னிக்குக் காலையில போட்டு யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"அப்போ பையன் ஏன் விழுந்தான்?" என்றார் ராமலிங்கம்.

"பானகத்தால."

சபாபதி சிரித்தார். "பானகம் விஷமாமா! பெருமாளுக்கே படைக்கிறோம்."

"பானகம் விஷமில்ல அண்ணே, குடுத்த நேரம்தான் விஷம். சர்க்கரை வியாதி இருக்குதான்னு பாக்க, வெறும் வயித்துல சர்க்கரைத் தண்ணி குடிக்கவெச்சு, விட்டு விட்டு ரத்தம் எடுப்போம். மொதல்ல சரசரன்னு ஏறும். அதை அடக்க உடம்பு இன்சுலினைக் கொட்டும். சில பேருக்கு ஆரம்பத்துல இருந்ததையும் விடக் கீழ போயிடும். அந்த நேரம் பாத்து ஓட விட்டா, தசையும் சர்க்கரையை உறிஞ்சும். கை நடுங்கும், வேர்க்கும், கூடப் பொறந்த அக்காவே அடையாளம் தெரியாது. எழுபதாவது இருக்க வேண்டிய சர்க்கரை இவன் ரத்தத்துல நாப்பதுக்கும் கீழ. முந்தின ராத்திரி வயிறு முட்ட சோறு போட்டிருந்தேன், அதனாலதான் அவ்வளவு தூரமாவது ஓடினான். பயிற்சி குடுக்கிற உங்களுக்கு இது தெரியும். இல்லேன்னா தணிகாசலத்தை ஏன் தட்டி விட்டீங்க? பை வந்ததும் உங்க ஜீப்புல. குப்பியைப் போட்டதும் நீங்க."

"குப்பி எனக்கு ஏது?"

அவள் தணிகாசலத்திடம் ஒரு நாற்காலியை நகர்த்தினாள். "காலையில இருந்து நிக்கிற. உக்காருப்பா."

அவன் உட்காரவில்லை. முகம் கோணி, உடைந்த குரலில் சொன்னான்: "வலிக்குதுக்கா. முந்தாநேத்து பின்பக்கம் போட்ட ஊசி கட்டிக்கிச்சு. வைட்டமின்னு சொல்லி மாமா வாரா வாரம் போடுறாரு. அது... ஆபத்தா?"

"வாயை மூடுடா!" என்று கத்தினார் சபாபதி. அந்தக் கத்தலே போதுமானதாக இருந்தது.

"ஆபத்துதான்" என்றாள். கோபம் அவன்மேல் போகவில்லை. "மூஞ்சியில பரு கெளம்பினதும் இதாலதான். நாளைக்கு நர்சிங் ஹோமுக்கு வா. டாக்டரம்மாகிட்ட நானே காட்டுறேன். குப்பியில இருந்த எண்ணெய் யார் உடம்புல இருக்குதுன்னு தெரிஞ்சுதா தலைவரே?"

ராமலிங்கம் மீசையைத் தடவினார். "தெரிஞ்சுதுமா. ஆனா உன் தம்பியும் பந்தயத்தை முடிக்கலியே."

"முடிக்க விடாம பண்ணது உங்க செயலாளர். மறுபடி ஓட விடுங்க. இல்லாட்டி சென்னைக்கு நானே போய் ஒவ்வொரு மேஜையா தட்டிக் கேப்பேன். எனக்கு இங்கிலீஷும் வரும்."

சபாபதியின் பதவி அன்றே பறிபோனது. போலீசுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு மறு ஓட்டம். விடிவதற்கு முன்பே யதிராஜன் வீட்டுப் பொங்கல் கலியன் வயிற்றில் இறங்கியிருந்தது. பந்தயத்தில் எல்லாரையும் பின்னால் விட்டு அவன் மைதானத்துக்குள் நுழைந்தபோது, முடிவுக்கோட்டில் கயிறு பிடிக்க வேண்டிய இரண்டு பேரும் முதல் ஆள் வர இன்னும் நேரமிருக்கிறது என்று டீ குடிக்கப் போயிருந்தார்கள். கிருஷ்ணவேணி டீக்கடைக்கே போய்த் திட்டி அவர்களை இழுத்து வருவதற்குள், அவன் சும்மா நிற்பானேன் என்று இன்னொரு சுற்று ஓடிக்கொண்டிருந்தான்.