முகவரிப் பெட்டியில் பாக்கியவதி

கோரமண்டல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ராஜப்பாவின் ஆன்லைன் சென்டரில் அமலா வேலைக்குச் சேர்ந்த அன்று, அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அழிக்கும் வேலை. பெயர், முகவரி என்று எதைத் தட்டத் தொடங்கினாலும், முன்பு தட்டியதையெல்லாம் பிரவுசர் கீழே வரிசையாகக் காட்டும் அல்லவா, அதை நிறுத்தச் சொன்னார் ராஜப்பா. ஆறு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊராரின் மனுக்களைத் தட்டியவள் அவருடைய மனைவி பாக்கியவதி. போன மாதம் காலை ரயில் ஏறி பெங்களூருக்கு ஓடிப்போய்விட்டாளாம். ஓடிப்போனவள் தட்டிய ஒரு எழுத்துகூடத் தன் கடையில் இருக்கக் கூடாது என்றார். மனுஷனுக்கு அவ்வளவு ரோஷம் என்று அமலா நினைத்துக்கொண்டாள்.

செட்டிங்ஸில் போய் அந்தப் பொத்தானை அணைத்தாள். சேர்ந்து கிடந்த பழசையெல்லாம் அழித்தாள். இரண்டு நிமிட வேலைதான்.

பிறகு ஒருவருக்காக வருமானச் சான்றிதழ் மனுவைத் திறந்து, முகவரிப் பெட்டியில் கர்சரை வைத்தாள். ஒரு வரி கீழே வந்து நின்றது.

பாக்கியவதி, நந்திதுர்க் ஷாஃப்ட், நாற்பதாவது லெவல்.

அமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஷாஃப்ட் என்றால் பூமிக்குள் இறங்கும் செங்குத்துக் குழி, அதிலிருந்து அடுக்கடுக்காக வெட்டிய பாதைகள்தான் லெவல்கள். எண் கூடக் கூட ஆழம். அங்கே போய் எந்தத் தபால்காரர் கடிதம் கொடுப்பார்? மறுபடி அழித்தாள்.

மறுநாள் அதே பெட்டியில் இருபத்திரண்டாவது லெவல் என்று வந்தது. பொத்தான் அணைந்தேதான் இருந்தது. கீபோர்டின் சந்துகளில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது. தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டில் மழை பெய்து ஓய்ந்ததும் கிளம்பும் அதே வாடை. காலையில் துடைத்தாள். மதியமும் துடைக்க வேண்டியிருந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு, ஐந்தாவது லெவல்.

யாரோ ஏறி வருகிறார்கள்.

அமலா ராஜப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து அந்த வரியைப் படித்தார். காத்திருந்த இரண்டு பேரிடம் சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லி அனுப்பினார். பிறகு ஷட்டரை உள்ளிருந்து இழுத்துப் பூட்டினார்.

"அண்ணா, இன்னாத்துக்கு ஷட்டர எறக்குறீங்க?"

அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் கை வைக்காமலே அந்தப் பெட்டி விரிந்தது.

என் கணவர் ராஜப்பா என்னைத் தினமும் அடிக்கிறார்.

என் கணவர் கம்பியால் என் விரலை உடைத்தார்.

என் கணவர் என்னைக் கொன்றுவிடுவார்.

"படிச்சிட்ட இல்ல," என்றார் ராஜப்பா, ரொம்ப மெதுவாக. "நானும் இப்டிதான் படிச்சேன். எவனுக்கோ மனு எழுதலாம்னு தட்டுனா, அவ போலீசுக்கு எழுதுனதெல்லாம் வந்து வுழுந்துச்சு. அழிக்கத் தெரியல அவளுக்கு."

இனி அவனுக்கு மரியாதை எதற்கு? மேசைக்குப் பின்னாலிருந்து அவன் எடுத்தது பாறை துளைக்கும் இரும்புக் கம்பி. அவன் அப்பா சுரங்கத்தில் பிடித்த கம்பி.

"கல்லக் கட்டி ஷாஃப்டுல போட்டேன். அடியே இல்லாத குழி அது. அங்க போனவ எப்டி வருவா?"

இந்த ஊரில் பிறந்தவன் செய்யும் தப்பைத்தான் அவனும் செய்திருந்தான். நம் ஷாஃப்டுக்கு அடியே கிடையாது என்று பெருமை பேசிப் பேசியே, தண்ணீரை இறைத்த பம்புகள் நின்ற நாள் முதல் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டான். தண்ணீர் எதையும் அடியிலேயே வைத்துக்கொள்வதில்லை.

முதல் அடி அமலாவின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்து, மேசைக்கு அடியில் ஊர்ந்தாள். அடுத்த அடி காதைக் கிழித்துக்கொண்டு தரையில் மோதியது. கழுத்தெல்லாம் ரத்தம். செத்தோம் என்று நினைத்தாள். கம்பி மறுபடி மேலே போயிற்று.

இறங்கவில்லை.

தரை முழுக்கத் தண்ணீர் பரவியது. சாம்பல் நிறம். ஐஸ் போல் குளிர்ந்தது.

மேசைக்கு அடியிலிருந்து அமலாவுக்குக் கால்கள் மட்டுமே தெரிந்தன. செருப்புப் போட்ட ராஜப்பாவின் கால்கள்.

அவற்றுக்குப் பின்னால், ஊறி வெளுத்த இரண்டு வெறுங்கால்கள்.

"வுடுடீ," என்று அவன் முனகினான்.

கம்பி இப்போது அவன் மேலேயே இறங்கியது, முதல் அடியில் அவன் பற்கள் தண்ணீரில் சிதறின. இரண்டாவதில் முழங்கால்கள் மடங்கின. மூன்றாவதில் அவன் அமலாவுக்கு எதிரே வந்து விழுந்தான். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வாய் இருந்த இடத்திலிருந்து குடம் குடமாகச் சேற்றுத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அமலாதான் அடித்தாள் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. தோள் உடைந்தவள் கம்பியை எப்படித் தூக்கினாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ராஜப்பா சொன்னதை அவள் சொன்னதால் ஷாஃப்டில் தேடினார்கள். ஒரு கல்லும் அறுந்த கயிறும் கிடைத்தன. பாக்கியவதி கிடைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஊரிகம் பகுதியில் வேறு ஒரு சென்டரில் அமலா வேலைக்குச் சேர்ந்தாள். புதுக் கம்ப்யூட்டர். உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பொத்தானை அணைத்தாள். இரண்டு வாரம் ஒன்றுமே வரவில்லை, அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு மத்தியானம் ராணி என்ற பெண் வந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் திறக்கவே முடியாமல் வீங்கியிருந்தது. வீட்டுக்காரர் மேல் ஒரு மனு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அமலா மனுவைத் திறந்தாள்.

யாரும் தட்டாத வரி ஒன்று பெட்டிக்குக் கீழே வந்து நின்றது.

அவன் எங்கே இருக்கிறான்?

அழித்துவிடலாம். அமலா டெலீட் பட்டனில் விரலை வைத்தாள். ராணி நிமிர்ந்து, திறந்திருந்த ஒரு கண்ணால் அந்த வரியைப் படித்தாள். அமலாவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் தன் வீட்டு நம்பரைச் சொன்னாள்.

அமலா தட்டினாள்.