ஏழாவது சரணம்

ஆல்பர்ட் அத்தான் வந்து இறங்கியபோது பகல் மணி பன்னிரண்டு. வெயில் பளீரென்று அடித்தது. குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநாலு. கரகண்டா விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து வந்திருந்தார். சக்கரம் வைத்த பெட்டியைப் பனியில் இழுக்க முடியாமல் திணறி உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"என்ன நெல்லி, வீடு இப்படி ஜில்லுனு கிடக்கு? அடுப்பு மூட்டலையா?"

முன்னறையில் அவருடைய அம்மா சவப்பெட்டிக்குள் கிடந்தார். இந்த மகராசன் வந்து முகம் பார்க்க வேண்டும் என்றுதான் நாலு நாளாக வீட்டில் நெருப்பே இல்லாமல் நான் விறைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொன்னால் வாயில் என்ன வருமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அது நான் செய்த முதல் தப்பு.

ஒட்டீலியா அத்தை என் மாமியார். தொண்ணூறு வயது. எங்கள் ஊர் ஜெபவீட்டில், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தின் முன்னால் அறுபத்துநாலு வருடம் உட்கார்ந்தவர். ஜெபம் செய்தால் ஜெயில் என்றிருந்த காலத்தில் அதை உருளைக்கிழங்குக் குழிக்குள் இறக்கி, வைக்கோல் போட்டு மூடி வைத்துக் காப்பாற்றியவர். இந்த ஊருக்கு வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் ஐந்து. ஆல்பர்ட் அத்தானோடு சேர்த்து நாலு பேர் ஜெர்மனிக்குப் போனார்கள். ஐந்தாவது என் புருஷன் விக்டர், இங்கேயே மண்ணுக்குள் போனார். அந்த நாலு பேரும் பத்து வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் "அடுத்த கோடையில வர்றோம்மா" என்று போனில் சொல்வார்கள். அத்தை ஒவ்வொரு மே மாதமும் நாலு பேருக்குப் படுக்கை விரித்து வைப்பார். செப்டம்பரில் நான் மடித்து வைப்பேன்.

எங்களிடம் பாட்டுப் புத்தகம் கிடையாது. அத்தை கைப்பட எழுதிய ஒரே ஒரு நோட்டுதான். சுரங்களை எண்களாகவும், சொற்களை அவற்றின் நடுவே பொடி எழுத்திலும் எழுதியிருப்பார், சோதனை போட வரும் போலீஸ்காரன் புரட்டினால் பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டு என்று நினைக்க வேண்டும் என்பதற்காக. ஆர்மோனியம் ஒரு வரியின் ராகத்தை வாசித்துவிட்டு நிற்கும். அத்தை அந்த வரியை உரக்கச் சொல்வார். நாங்கள் பாடுவோம். பிறகு அடுத்த வரி. இப்படியே பழகியதால் யாரும் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. அத்தைதான் இருக்கிறாரே என்ற நினைப்பு.

அடக்கத்துக்குப் பாடும் ஞானப்பாட்டில் ஏழு சரணம். ஆறு பழையவை. ஏழாவது அத்தை தானே கட்டியது. போர் நடந்த நாற்பத்தொன்றாம் ஆண்டில், ஜெர்மன் பேசும் எங்கள் சனத்தை வோல்கா கரையிலிருந்து மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து இங்கே அனுப்பியபோது, அத்தையின் முதல் குழந்தை லீனா வழியில் இறந்தது. இரண்டு மாதக் குழந்தை. ஏதோ ஒரு நிறுத்தத்தில் காவலாளி அதைப் பிடுங்கித் தண்டவாளத்து ஓரம் வைத்துவிட்டான். ஒரு வரி பாடக்கூட நேரம் தரவில்லை. அந்தக் குழந்தைக்காக ஊரில் எந்தச் சாவிலும் ஏழாவது சரணம் பாடாமல் அத்தை எழுந்ததில்லை.

"ஒரு சரணத்தை விட்டீங்கன்னா, அதுக்கு உரியவங்க வழியிலயே நிப்பாங்க" என்று கண்டிப்பாகச் சொல்வார்.

இரண்டு நாள் நிலக்கரி எரித்து மண்ணை இளக்கிக் குழி வெட்டியிருந்தார்கள். கல்லறையில் ஆல்பர்ட் அத்தான் முதலில் போட்டோ கேட்டார். திறந்த பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் அவர் நாலு தடவை எடுக்கச் சொன்னார், ஜெர்மனியில் இருப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமாம்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது நோட்டைத் தேடியிருந்தேன், அலமாரியில் இல்லை. கிழவர் எமில்தான் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எமில் சிறுவயதிலிருந்து அத்தை பக்கத்தில் நின்று பாடியவர், பழைய ஆறு சரணங்களும் அவருக்குத் தெரியும். அவர் வரி சொல்ல, நாங்கள் பாடினோம். மூன்றாவது முடிந்ததும் ஆல்பர்ட் அத்தான் கையைத் தூக்கினார்.

"போதும் எமில். மூணு பாடியாச்சுல்ல. கால் மரத்துப் போச்சு. விடிகாலைல எனக்கு விமானம் வேற."

"தம்பி, இன்னும் நாலு இருக்குப்பா. அவங்களுக்கே குறைக்கிறதா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல."

பக்கத்து வீட்டு குல்ஷாரா என் காதில் முணுமுணுத்தாள். "ஒட்டகக் குட்டிகூடத் தாயத் தேடி வரும்டி. இவரு திரும்பிப் போற டிக்கெட்டோட வந்திருக்காரு."

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்கும் விரல்கள் உணர்வற்றுப் போயிருந்தன. மண்ணைத் தள்ளும் சத்தம் கேட்டபோது நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

சாவுச் சாப்பாடு ஜெபவீட்டில். கோழி சூப், நூடுல்ஸ், இனிப்பு ரொட்டி. பதினோரு பேர் நீள மேசையில் உட்கார்ந்திருந்தோம். மூலையில் ஆர்மோனியம். மூடி பூட்டியிருந்தது, சாவி என் ஏப்ரன் பையில். ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது.

முதலில் வாடை வந்தது. நனைந்த கம்பளிக் காலணியும் கற்பூரத் தைலமும் கலந்த வாடை. அத்தை உள்ளே வந்தால் வருகிற வாடை.

பிறகு சத்தம்.

தப்... தப்... தப்...

மிதிகட்டை. ஒரு கால் மாற்றி ஒரு கால்.

கரண்டிகள் நின்றன. ஆர்மோனியம் காற்றை இழுத்துக்கொண்டு நான்காவது சரணத்தின் முதல் வரியை வாசித்தது. மெதுவாக இல்லை. அத்தை கோபமாக இருக்கும்போது எப்படி அழுத்தி வாசிப்பாரோ அப்படி.

வாசித்துவிட்டு நின்றது. காத்திருந்தது.

குல்ஷாரா மட்டும்தான் வாய் திறந்தாள். "உன் மாமியா கோவமா இருக்காடி. கோவப்படாம என்ன செய்வா?"

எமில் எழுந்து வரியைச் சொன்னார். பாடினோம். அடுத்த வரி வந்தது. பாடினோம். ஐந்தாவது சரணம், ஆறாவது சரணம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஏழாவதின் முதல் வரி வந்து நின்றது.

எமில் வாயைத் திறந்தார். மூடினார். "இது அவங்க நோட்டுலதான் இருக்கு" என்றார். "நோட்டு எங்க நெல்லி?"

"உங்ககிட்ட இல்லையா?"

ஆல்பர்ட் அத்தானின் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது.

"அத்தான், அடுப்பு மூட்டுனீங்களா?"

"சமையலறையில மட்டும்தான், நெல்லி... டீ போட. அலமாரியில பழைய காகிதம் இருந்துச்சு. ஒரே நம்பரா இருந்துச்சு. ஏதோ கணக்கு நோட்டுன்னு..."

"நீங்க அத வச்சுத்தானய்யா பாடிப் பழகுனீங்க! உங்க அம்மா மடியில உக்காந்து!"

தப்... தப்... தப்...

மறுபடியும் அதே வரி. மறுபடியும் காத்திருப்பு. நான் சாவியைப் போட்டு மூடியைத் திறந்தேன். கட்டைகள் ஒன்றும் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். மிதிகட்டைகள் இரண்டின் மேலும் பனி உருகிய ஈரம், பாதத்தின் அளவில்.

ஆல்பர்ட் அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மறந்துட்டேன்மா. எல்லாத்தையும் மறந்துட்டேன்மா." அறுபத்துநாலு வயது ஆள் சின்னப் பையனாக அழுதார்.

மிதிகட்டை நின்றது. மன்னித்துவிட்டார் என்று எமில் சொன்னார். அத்தையைப் பற்றி எமிலுக்கு என்ன தெரியும்? முப்பது வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான்.

ஏழு வாரம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். ஆர்மோனியத்தைப் பூட்டிவிட்டு நான் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"நெல்லி, அங்க யாராச்சும் வாசிக்கிறாங்களா?"

"இல்ல அத்தான். பூட்டியாச்சு."

"எனக்குக் கேக்குது நெல்லி. தினமும். ஒரே ஒரு வரி. அப்புறம் நின்னுடும். நின்னதும்..."

அவர் போனை எங்கோ நீட்டினார் போல. தப், தப் என்று கேட்டது. அந்த ராகம். அந்த நிறுத்தம். நிறுத்தத்துக்குள் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

"வீட்ல நானும் மார்த்தாவும்தான். அக்கம்பக்கத்துல குழந்தையே கிடையாது. உனக்கு ஏதாச்சும் ஞாபகம் வருதா? ஒரு வரி? முதல் வரி மட்டும் சொல்லு போதும், மிச்சம் எனக்கு வந்துடும். கெஞ்சிக் கேக்குறேன்."

முதல் வரி எனக்குத் தெரியும். அடக்கத்தன்று இரவே நினைவுக்கு வந்துவிட்டது. ஏழு வாரமாக நாக்கின் நுனியில் வைத்திருந்தேன். அப்போது எனக்கு அந்தக் குழந்தை லீனா நினைவுக்கு வரவில்லை. நாலு படுக்கைகள்தான் வந்தன. மே மாதம் விரித்து, செப்டம்பரில் நான் மடித்த படுக்கைகள்.

"தெரியலையே அத்தான்" என்றேன்.

திடீரென்று அவர் கத்தினார்.

"நின்னுடுச்சு! நெல்லி, அழுகை நின்னுடுச்சு! கேக்குதா? ஒண்ணுமே கேக்கல!"

நனைந்த கம்பளியின் வாடை அறை முழுவதும் பரவியிருந்தது. என் முதுகுக்குப் பின்னால், பூட்டிய ஆர்மோனியம் ஒரு வரியை வாசித்து நிறுத்தியது. அந்த அமைதியில், மிதிகட்டைகளுக்கு அருகே, தரையை ஒட்டி, ஒரு குழந்தை விக்கி அழத் தொடங்கியது.