மூன்று இழுப்பு

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தான் ஜியாவுல்லா. ஆம்பூர் பைபாஸை விட்டு உள்ளே தள்ளி, மூடிக் கிடக்கிற பழைய டேனரி. ஆறு வருஷமாக அதுக்கு அவன்தான் வாட்ச்மேன். அதுக்கு முன்னால் நாங்கள் எல்லாருமே அங்கே தோல் வேலை பார்த்தவர்கள். சைக்கிளை உள்ளே விடச் சொன்னான். நான் கேட்டுக்கு வெளியிலேயே பூட்டினேன். அந்த இடத்துக்குள் என் பொருள் எதையும் விட எனக்கு மனசு வராது.

டேனரியை மூடினாலும் நாத்தத்தை யாரும் மூடவில்லை. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் சுவருக்குள்ளேயே ஊறிப்போய்விட்டது. வெயில் ஏறினால் சுவர் வேர்க்கிற மாதிரி அந்த வாடை வெளியே வரும்.

வக்கார் அகமது பாயில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

"வா பக்தா. லேட்டு. கத்திரிக்காய் காலி."

"உன்கிட்ட எப்ப மிச்சம் இருந்துது?"

ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலைக்கு மீன் பிடிக்கப் போகிற யோசனைக்காகக் கூடியிருந்தோம். அமிர்தி வரைக்கும் வக்காரோட வேன். அப்புறம் அருவிக்கு மேலே அரை நாள் நடை. உள்ளே ஒரு மடு இருக்கிறது. ஆள் போகாத இடம், போனில் சிக்னலும் வராது. ஜியாவுல்லா சொல்வதில் பாதியை நான் எப்பவும் தள்ளிவிடுவேன். மடு இருப்பது மட்டும் நிஜம், ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

தூண்டிலும் சாதாரணத் தூண்டில் இல்லை. தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஜியாவுல்லாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன நீளக் கோல். புழு கிடையாது. முள்ளைச் சுற்றி ஆட்டு முடியும் சேவல் இறகும் கட்டினால் பூச்சி மாதிரியே இருக்கும். மஞ்சள் கயிறு மாதிரி தடித்த தூண்டில் நரம்பு. தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, பூச்சி உட்காருகிற மாதிரி தண்ணீரில் போடவேண்டும்.

வக்கார் சாமான் எழுதினான். நாலு போர்வை, நாலு டார்ச், நாலு தட்டு.

"மூணு பேருக்கு எதுக்குடா நாலு?" என்றேன்.

அவன் பேப்பரையே பார்த்தான்.

"தெரியல பக்தா. கை எழுதிடுச்சு," என்று நாலை அடித்து மூணு போட்டான்.

நாலாவது ஆள் தௌசீப் அகமது. தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டிக்கு மேஸ்திரி. இந்தப் பயணத்துக்கு முதலில் ஆசைப்பட்டதே அவன்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொட்டியில்தான் செத்தான்.

தொட்டியைக் கழுவ இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டுவோம். மேலே ஒருத்தன் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும். கீழே இருப்பவன் ஒரு தடவை இழுத்தால் கயிறு விடு. ரெண்டு இழுத்தால் நல்லா இருக்கேன். மூணு இழுத்தால் தூக்கு. தொட்டியில் விஷவாயு கிளம்பினால் அழுகின முட்டை வாடை அடிக்கும். வாடை வரும்போது பயம் இல்லை. வந்த வாடை சட்டென்று நின்றால்தான் ஆபத்து. மூக்கு செத்துவிட்டது, அடுத்து ஆள்.

அன்றைக்குக் கயிறு பிடித்தவன் நான்.

கை வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். போலீஸிடமும், அவன் சம்சாரம் சைராவிடமும்.

நாலு மணிக்கு ஜியாவுல்லா கோலை எடுத்தான். வீசிப் பழகவேண்டுமாம். நேராக அந்தத் தொட்டிக்கே போனான். மழைத் தண்ணீர் மார்பளவு நின்று பச்சையாகப் பாசி பிடித்திருந்தது.

"இங்க வேணாம்டா."

"பாலாத்துல தண்ணி இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்? மணல்ல வீசச் சொல்றியா?"

நாலைந்து தடவை வீசினான். பூச்சி பாசிமேல் மெதுவாக உட்கார்ந்தது. அப்போது அஸர் பாங்கு கேட்டது. கோலை என் கையில் திணித்தான்.

"புடி. தொழுதுட்டு வந்துடறோம்."

ரெண்டு பேரும் ஆபீஸ் ரூமுக்குப் போனார்கள்.

நான் நின்றேன். வெயில் தகரக் கூரையை விட்டு இறங்கியிருந்தது. காக்கா சத்தம்கூட இல்லை.

அழுகின முட்டை வாடை வந்தது.

பழைய சேறு கிளம்பியிருக்கும் என்று நினைத்தேன்.

வாடை நின்றது.

நரம்பு ஒரு தடவை இழுபட்டது. மீன் இல்லை. அந்தத் தண்ணீரில் தவளைகூட இருக்காது.

மறுபடியும் ஒன்று.

மறுபடியும்.

மூணு. அப்புறம் சும்மா இருந்தது. மேலே இருக்கிறவன் தூக்குவான் என்று காத்திருக்கிற மாதிரி.

இழுத்தேன். சத்தியமாக இழுத்தேன். கோல் வில்லாக வளைந்தது. மாட்டுத்தோல் முப்பது வருஷம் தூக்கின கை இது, எடை தெரியும். ஒரு ஆள் எடை.

பாசி நடுவில் விலகிக்கொண்டே வந்தது. கீழே வெள்ளையாக என்னவோ.

கையை விட்டுவிட்டேன்.

ரெண்டாவது தடவையும்.

கோல் தொட்டிக்குள் விழவில்லை. நெட்டாக நின்றபடி, அவசரமே இல்லாமல் இறங்கியது.

தொழுதுவிட்டு வந்தவர்களிடம் தொட்டியைக் காட்டினேன். தோல் இழுக்கிற கொக்கிக் கம்பால் வக்கார் துழாவிக் கோலை எடுத்தான். நரம்பு அறுந்திருக்கவில்லை. முள்ளைக் காணோம். முனையில் ஒரு சுருக்கு போட்டிருந்தது. ஒரு ஆள் இடுப்பு நுழைகிற அளவு. தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் போடுகிற அதே முடிச்சு.

அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

"கை வழுக்கல ஜியா. அன்னிக்கு நீ இந்தக் கோலைக் கொண்டுவந்து கேட்டாண்ட காட்டிக்கினு இருந்த இல்ல? நானும் பாக்கணும்னு கயித்தைத் தூண்ல கட்டிட்டு வந்துட்டேன்."

அந்தப் பத்து நிமிஷம் நாங்கள் மூணு பேரும் முற்றத்தில் கோலை வீசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது தூணில் வெள்ளையடித்தது உரிந்து செங்கல் தெரிந்தது. அவ்வளவு தடவை இழுத்திருக்கிறான். தூண் எங்கே தூக்கும்?

ஜியாவுல்லா தரையைப் பார்த்தபடி சொன்னான். "தெரியும்டா."

"இன்னா தெரியும்?"

"நீ உள்ள குதிச்சு அவனைத் தூக்கிக்கினு இருந்தப்ப தூண்லேர்ந்து கயித்தை அவுத்தது யாரு? நாங்கதான். போலீஸ் வர்றதுக்குள்ள."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லிட்டு?" என்றான் வக்கார். "தோஸ்த் ஒருத்தன் போய்ட்டான். இன்னொருத்தனையும் அனுப்பணுமா?"

ஆறு வருஷமாக இவன்களை நான் நம்பவில்லை. இவன்கள் என்னைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஆறுதல் எதுவும் வரவில்லை. ஒருத்தன் பாவம் மூணு பேர் பாவமானதுதான் மிச்சம்.

"மலைக்கு நான் வரல," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

சனிக்கிழமை காலை. என் சம்சாரம் பங்கஜம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, காத்தே இல்ல. கொடிக்கயிறு ஏன் இப்படித் துள்ளுது?"

போய்ப் பிடித்தேன்.

ஒன்று. ரெண்டு. மூணு.

மறுமுனை பின்சுவர் வளையத்தில் கட்டியிருக்கிறது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு உரிந்து செங்கல் தெரிந்தது. போன பொங்கலுக்கு என் கையாலேயே வெள்ளையடித்த சுவர்.

ஒரு கையால் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு வக்காருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு வர்றேன். சாமானை நாலு பேருக்கே எழுது."

அவன் பேப்பரைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. "அடிச்சதை நான் திருப்பி எழுதல பக்தா," என்றான் மெதுவாக. "காலைல பார்த்தா பேப்பர்ல நாலுன்னுதான் இருக்கு."

போனை வைத்தேன். கயிறு அசையாமல் இருந்தது. ரெண்டு இழுப்பு வரும் என்று காத்திருந்தேன். நல்லா இருக்கேன் என்று ஒரு தடவையாவது சொல்லுவான் என்று.

பங்கஜம் சாப்பிடக் கூப்பிட்டாள். வெயில் சுவரை விட்டு இறங்கியது. கையை எடுக்கவில்லை.

மூணுதான் வந்தது.